கூலிக்கு அழும் பெண்கள்

பிலடெல்பியா
1903 பிப்ரவரி 9

அன்புத் தங்கை அஃபீஃபாவுக்கு,

அண்ணன் நக்லே எழுதுவது. நலமாக இருக்கிறேன். இங்கே பனி முழங்கால்வரை கிடக்கிறது. இத்தாலியன் கடையில் ஆலிவ் வாங்கிச் சாப்பிடுகிறேன், வாயில் வைக்க முடியவில்லை. நம் பெய்த் ஜாலாவில் அதை ஆட்டுக்குக்கூடப் போடமாட்டோம்.

ஒரு நல்ல செய்தி. தோளில் பெட்டியை மாட்டிக்கொண்டு வீடுவீடாக ஜெபமாலை விற்ற காலம் முடிந்துவிட்டது. நான் அங்கி போட்டுக்கொண்டு தேவாலயங்களில் நம் நாட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்ட ஒரு படக் கம்பெனி முதலாளி எனக்கு மேசை போட்டு உட்கார வைத்திருக்கிறார். இவர்கள் எடுக்கும் படம் வேறு மாதிரி. ஒரே காட்சியை வலக்கண்ணுக்கு ஒன்று, இடக்கண்ணுக்கு ஒன்று என்று எடுத்து ஓர் அட்டையில் பக்கம்பக்கமாக ஒட்டுகிறார்கள். ஸ்டீரியோஸ்கோப் என்று ஒரு மரப்பெட்டி, முன்னால் இரண்டு கண்ணாடி. அதை முகத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆள் எழுந்து நிற்பான், அவனுக்குப் பின்னால் மரம் தள்ளி நிற்கும். இங்கே இது இல்லாத வீடு இல்லை. சாப்பிட்டு முடித்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து நம் நாட்டைப் பார்க்கிறார்கள். அட்டையின் பின்பக்கம், இது என்ன காட்சி என்று பத்து வரி இருக்கும். அந்தப் பத்து வரியை இனி எழுதப்போவது உன் அண்ணன். அம்மாவிடம் சொல்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. கம்பெனியின் படக்காரர் பிரூயிட் மார்ச் மாதம் ஜெருசலேம் வருகிறார். நம் ஊருக்கும் வருவார். ஆங்கிலம் தெரிந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி இருக்கிறாள் என்று உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கூட இருந்து மொழிபெயர்த்துக் கொடு. தையல் இயந்திரத்தை உள்ளறைக்குத் தள்ளிவிடு, அதைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. தம்பி ஜிரியெஸ் அந்த ஐரோப்பியத் தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நிற்க வேண்டாம்.

இன்னொன்று. என் தாய், தங்கை, தம்பி என்று அவரிடம் சொல்ல வேண்டாம். நான் கூடாரத்தில் பிறந்தவன், தகப்பனார் மந்தை வைத்திருந்த ஷேக் என்று மேடையில் சொல்லிச் சொல்லி அப்படியே ஆகிவிட்டது. இவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது, என்னையும் ஷேக் என்றே கூப்பிடுகிறார்கள். கல்லுடைத்தே காலமான அப்பாவுக்குப் பிறந்தேன் என்றால் யார் கேட்பார்கள்? நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துவிட்டுச் சொன்னபடி செய்.

உன் அண்ணன்
நக்லே


பெய்த் ஜாலா
1903 ஏப்ரல் 14

அண்ணா,

உன் பிரூயிட் வந்துவிட்டார். ஊரே அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

முற்றத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. அவரோ பெண்களெல்லாம் குடத்தைத் தலையில் வைத்து ஊர் எல்லை ஊற்றுக்குப் போய் வர வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு மரியம் கேட்டாள்: "அந்தத் தண்ணிய ஆடுகூட மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கும். இவரு குடிப்பாரான்னு கேளு." எல்லோரும் களைத்துவிட்டார்கள் என்று மொழிபெயர்த்தேன். பேஷ், களைப்பு படத்தில் நன்றாகத் தெரியும் என்றார்.

அடுத்து, மாவு அரைக்கும் பெண் வேண்டுமாம். மில்லில் அரைத்துக் கொடுக்கிற காலத்தில் நம் வீட்டில் ஏது அரைகல்? கீழத்தெருவில் கோழிக் கூண்டுக்கு மூடியாகக் கிடந்ததைக் கழுவி எடுத்து வந்தோம். அம்மா கேட்டாள்: "நம்ம வீட்டுல மாவுக்கே பஞ்சம்னு நெனச்சுக்கமாட்டாங்களா?" பிறகு அவளே, "சரி, எம் மகன் இருக்கற கம்பெனி," என்று உட்கார்ந்து அரைத்தாள். முடிந்ததும் என் காதில், "எம் மகன் பேர நான் சொல்லக்கூடாதாமா? என்னடி நியாயம் இது?" என்றாள். நான் என்ன சொல்ல? நீயே சொல்.

ஜிரியெஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனை மேய்ப்பனாக்கி ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் ஏற்றினார்கள். அசையாதே, அசையாதே என்று இவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்த, குட்டி அவன் கழுத்தில் மூத்திரம் பெய்துவிட்டது. "கவாஜா தொரை, உங்க ஊர்ல இதையும் வாங்குவாங்களா?" என்று கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் எல்லோரும் சிரித்துவிட்டோம். படம் கலங்கிப் போனது. பிரூயிட் கண்ணாடித் தகட்டைத் தரையில் போட்டு உடைத்தார். ஜிரியெஸுக்குக் கவலையில்லை. "அண்ணன் மேசையில நான் போய் நிக்கலாம்னு பாத்தேன், முடியல," என்றான்.

என்னை எந்தப் படத்திலும் அவர் சேர்க்கவில்லை. காலர் வைத்த ரவிக்கை, காலில் ஷூ. "நீங்கள் நின்றால் காட்சி கெட்டுவிடும், மிஸ்," என்றார். இருபத்தாறு வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். நான் நின்றால் இந்த ஊர் கெட்டுவிடுமாம். அதையும் நான்தானே மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும்.

உனக்காகத்தான் செய்கிறேன். மறந்துவிடாதே.

அஃபீஃபா


பெய்த் ஜாலா
1903 மே 6

அண்ணா,

ஜிரியெஸ் போய்விட்டான். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை குவாரியில் ஆப்பு அடித்து வைத்திருந்த பாறை அவர்கள் எதிர்பார்க்காத பக்கம் சரிந்தது. மற்ற இரண்டு பேர் தாவிவிட்டார்கள். ஒரு கதவைக் கழற்றி அதில் படுக்க வைத்துத் தூக்கி வந்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சுக்குக் கீழே பார்க்க வேண்டாம் என்று என்னைத் தடுத்துவிட்டார்கள். அம்மாவைத் தடுக்க முடியவில்லை.

மறுநாள் அடக்கம். பெண்களெல்லாம் பாடையைச் சுற்றி நின்று பாடி அழுதுகொண்டிருந்தபோது பிரூயிட் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். நல்ல மனிதர்தான் என்று நினைத்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா, கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

முடியாது என்று நானே சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் கேட்கக்கூட வேண்டியதில்லை. ஆனால் எனக்கு நீ ஞாபகம் வந்தாய். தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவன் நீ ஒருவன்தான். அவர் படம் எடுத்தால் அது உன் மேசைக்கு வரும். அம்மாவிடம் போய்ச் சொன்னேன்: "யம்மா, இந்தப் படம் நக்லேகிட்டப் போகும். நக்லே பாப்பான்."

அம்மா அழுகையை நிறுத்தினாள். ஜிரியெஸின் முகத்திலிருந்த துணியை விலக்கினாள், நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். நிமிர்ந்து படப் பெட்டியை நேராகப் பார்த்தாள். உன்னைப் பார்ப்பதாக நினைத்துத்தான் பார்த்தாள் அண்ணா. அவர் கையைத் தூக்கி இறக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு மறுபடியும் அழுகை.

ஆட்டுக்குட்டிப் படம் வீணாகிவிட்டதால் அவனுடைய படம் வேறெதுவும் இல்லை. இது வந்ததும் ஒன்றை நீ வைத்துக்கொள், ஒன்றை எங்களுக்கு அனுப்பு. அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள்.

உனக்கும் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா? தனியாக இருந்து இதைப் படிக்காதே.

அஃபீஃபா


பிலடெல்பியா
1903 ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்துப் போட்டேன். நான் கிளம்பும்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. யாஃபா துறைமுகத்தில் படகுக்காரனோடு கூலிக்குச் சண்டை போட்டது அவன்தான். அந்த முகம்தான் எனக்கு இருக்கிறது. அது போதும்.

பிரூயிட்டின் பெட்டிகள் வந்தன. நீ சொன்ன தகடு மட்டும் வழியில் உடைந்துவிட்டது. கண்ணாடி, கப்பலில் உருட்டுகிறார்கள், என்ன செய்வது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல். அவள் அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. அம்மாவைத் தலைத்துணி இல்லாமல், முடியை அவிழ்த்துப் போட்டபடி அந்நியன் முன்னால் நிற்க விட்டிருக்க வேண்டாம். நீ படித்தவள். யோசித்திருக்க வேண்டும்.

எனக்குத் தலைக்கு மேல் வேலை. கிறிஸ்துமஸுக்குள் நூறு அட்டைகள் கொண்ட பெட்டி வெளிவருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நக்லே


பெய்த் ஜாலா
1904 ஜனவரி 20

நக்லேவுக்கு,

நீ சொன்ன நூறு அட்டைப் பெட்டி எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவிலுள்ள ஏதோ ஒரு திருச்சபை பிள்ளைகளுக்குப் பரிசாக அனுப்பியது. தலைமையாசிரியை மிஸ் டில்டன் என்னைக் கூப்பிட்டு, "உன் நாடுதானே, நீயே முதலில் பார்," என்று கொடுத்தார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மரியம் குடத்தோடு நிற்கிறாள். அம்மா கோழிக் கூண்டுக் கல்லில் மாவு அரைக்கிறாள். அடுத்து ஜிரியெஸ்.

உடையவில்லை.

அட்டையையும் பார்க்கும் பெட்டியையும் மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அதன் பின்பக்கத்தை நான் அப்போது திருப்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தில் பெட்டியை வைத்து, வாசல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். பிறகு, "மூக்கு தனியா எந்திரிச்சு நிக்குது பாரு," என்றாள். "தூங்கறான். கூப்பிட்டா முழிச்சிருவான் போல." கையை நீட்டித் துழாவினாள். பெட்டிக்கு முன்னால் காற்றுதான் இருந்தது.

அப்புறம் கேட்டாள்: "பின்னாடி நக்லே எழுதுவானே, என்ன எழுதியிருக்கான்? படி."

திருப்பினேன். அம்மாவின் முன்னால் உட்கார்ந்துதான் அதை முதன்முதலாகப் படித்தேன். உனக்கு மனப்பாடமாக இருக்கும். இருந்தாலும் நம் மொழியில் எப்படி இருக்கிறதென்று பார்:

"கூலிக்கு அழும் பெண்கள், பெத்லகேம் அருகே. கீழை நாடுகளில் துக்கமும் ஒரு தொழில். இறந்தவன் யாரென்றே இவர்களுக்குத் தெரியாது. நடுவில் நிற்கும் கிழவி இக்கூட்டத்தின் தலைவி, நாள்தோறும் ஒரு பிணத்துக்கு அழுது பழகியவள். படக்காரரைக் கண்டதும் இவளுடைய கண்ணீர் சட்டென்று நின்றதைக் கவனியுங்கள். கூலி கைக்கு வந்த பிறகு, இரவு உணவின்போது இவள் சிரிப்பதைக் கேட்கலாம்."

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படித்துக் காட்டியது இது: "இவன் என் தம்பி ஜிரியெஸ். எங்கள் ஊர்க் குவாரியில் இவனைப்போல் பாடிக்கொண்டு கல் வெட்டுகிறவன் கிடையாது. பக்கத்தில் நிற்பவள் எங்கள் தாய். இதைப் பார்க்கிறவர்கள் இவனுக்காக ஒரு நிமிடம் ஜெபம் செய்யுங்கள்."

இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். இப்போது மனப்பாடம். தண்ணீர்த் தொட்டியடியிலும் கோவில் வாசலிலும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: "அமெரிக்காவே எம் புள்ளைக்கு ஜெபம் பண்ணுது. நக்லே செஞ்ச வேல." நாள் தவறாமல் பள்ளிக்கு வந்து, பிள்ளைகள் போன பிறகு பெட்டியில் அவனைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

தலைத்துணி இல்லாமல் நின்றாள் என்று எழுதியிருந்தாய். அதை நான் உனக்கு எழுதவே இல்லை. நான் எழுதினேனா, வேறு யாராவது எழுதினார்களா என்று அப்போதே ஒரு கணம் யோசித்தேன், துக்கத்தில் விட்டுவிட்டேன். நீ அவளைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டுத்தான் எழுதினாய். அவளுடைய கண்ணீர் சட்டென்று நின்றது என்று எழுதினாயே, அது எதற்காக நின்றது என்று என் கடிதத்திலேயே இருந்தது.

பதில் போடு. போடாமல் இருந்துவிடாதே.

அஃபீஃபா


பிலடெல்பியா
1904 மார்ச் 3

அஃபீஃபா,

ஆமாம், பார்த்தேன்.

உன் கடிதம் வழியில் எங்கோ தங்கி வந்தது, அதற்கு முன்பே பெட்டிகள் வந்துவிட்டன. பிரூயிட் தகடுகளில் எண் மட்டும் போட்டு அனுப்பியிருந்தார். புதிய அட்டைகளை முதலாளி ஒவ்வொன்றாக என் கையில் கொடுப்பார், நான் பார்த்து என்ன காட்சி என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் அதையும் கொடுத்தார். முதலில் அம்மாவைத்தான் கண்டேன். யாருக்காகத் தலைவிரித்து நிற்கிறாள் என்று கீழே பார்த்தேன். தம்பி செத்துப்போன செய்தி எனக்கு வந்த விதம் அது. நீ என்னைத் தனியாகப் படிக்காதே என்று எழுதினாய். நான் தனியாக இல்லை. பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டு, "என்னப்பா, இவர்கள் யார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தெரியாது என்றேன்.

பைபிளில் எரேமியா புத்தகத்தில் புலம்பல் பாடும் பெண்களை வரவழையுங்கள் என்று ஒரு வசனம் வரும். அதற்கு ஒரு படம் இல்லாமல் தேடிக்கொண்டிருந்தார்கள். முதலாளி, "அப்படியென்றால் இது அதற்கு ஆகும்," என்றார். எழுதிக் கொடு என்றார். அன்று மாலைக்குள் கேட்டார், கொடுத்தேன்.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் இதை யோசித்துப் பார். அவள் என் தாய் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கூடாரம், மந்தை, ஷேக் எல்லாம் ஒரே நாளில் போயிருக்கும், நானும் பழையபடி தெருவில் நின்றிருப்பேன். அதுகூடப் பெரிதல்ல. முதலாளி அதையும் அச்சடித்திருப்பார். 'எங்கள் ஷேக்கின் தாய் அழுகிறாள்' என்று போட்டு, அந்த அட்டையைக் கையில் கொடுத்து ஊர் ஊராக என்னை மேடையில் ஏற்றியிருப்பார். ஜனங்கள் அம்மாவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து மூக்கு ஒத்திருக்கிறதா என்று பேசியிருப்பார்கள். கூலிக்காரிகளின் நடுவே அவளை ஒளித்து வைத்தேன். இங்கே அவளை யாருக்கும் தெரியாது. யாரோ ஒரு கிழவி. யாருக்கு என்ன நஷ்டம்?

இரவு உணவு, சிரிப்பு அதெல்லாம் நான் எழுதவில்லை. முதலாளி சேர்த்தார். கண்ணீர் நின்றதைப் பற்றி எழுதியது நான்தான். படத்தில் அவள் முகம் காய்ந்திருந்தது. ஏனென்று அப்போது எனக்குத் தெரியாது. உன் கடிதம் வந்தபோது அட்டை அச்சுக்குப் போய்விட்டது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம் என்பாய். எந்தக் காரணத்தைச் சொல்லி நிறுத்துவது?

அம்மாவுக்கு நீ சொன்னது நல்ல வேலை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அப்படியே இருக்கட்டும். அதை நீயும் சேர்ந்துதான் காப்பாற்ற வேண்டும்.

அவளிடம், இனி பெட்டியில் பார்க்க வேண்டாம் என்று சொல். கண் கெட்டுவிடும்.

நக்லே


பெய்த் ஜாலா
1904 மே 2

நக்லே,

ஈஸ்டர் முடிந்த வாரம் அமெரிக்க யாத்ரீகர்கள் ஒரு கூட்டமாகப் பெத்லகேம் வந்திருந்தார்கள். அவர்களில் சிலரை ஜெருசலேமிலிருந்து வந்த ஷுக்ரி என்ற வழிகாட்டி நம் ஊருக்கும் கூட்டி வந்தான். பள்ளி விடுமுறை. நானும் அம்மாவும் வாசலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தோம். அவர்களில் ஓர் அம்மாள் நின்று நம் அம்மாவை உற்றுப் பார்த்தாள். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தாள், பார்த்தாள், மற்றவர்களைக் கூப்பிட்டாள். யாருக்கும் தெரியாது என்று எழுதினாயே, அவர்கள் வீட்டு முன்னறையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஷுக்ரி அம்மாவிடம் வந்தான். "இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானம்மா? ஒரு தடவ அழுது காட்டுவீங்களான்னு கேக்கறாங்க. நல்லாத் தருவாங்க."

அம்மாவுக்கு அட்டையைக் கண்டதுமே சந்தோஷம். கேட்டது காதில் ஏறவில்லை. "எம் மகன் ஜிரியெஸ்," என்றாள். "இதுக்குப் பின்னாடி எம் பெரிய மகன் எழுதியிருக்கான். நீ படிச்சவனாட்டம் இருக்க, படி. எம் மக படிச்சுத்தான் கேட்டிருக்கேன்."

"படிக்காதீங்க," என்று நான் எழுந்தேன். அவன் கையிலிருந்து பிடுங்கப் போனேன். அம்மா என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"படிக்கட்டும்," என்றாள். "உக்காரு."

அவன் படித்தான். அவனுக்கென்ன, தொழில். ஒரு சொல் விடாமல், கூலியிலிருந்து இரவு உணவுவரை. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"எழுதுனது யாருன்னு போட்டிருக்கா?"

"இந்த மண்ணுல பொறந்த ஒருத்தர்னு போட்டிருக்கும்மா."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நீ எழுதுனது நல்லா இருந்துச்சு," என்றாள். "அவன் அதையே எழுதியிருக்கலாம்."

பிறகு ஷுக்ரியிடம், "அழணும், அவ்வளவுதான? அழறேன். யாருக்குன்னு கேக்கமாட்டாங்கல்ல?" என்றாள். எழுந்து முற்றத்தின் நடுவே போனாள். காசு கோத்த தலையணியைக் கழற்றி என் மடியில் போட்டாள். முடியை அவிழ்த்தாள். பாடத் தொடங்கினாள். நீ கேட்க வேண்டும் என்பதற்காக அப்படியே எழுதுகிறேன்:

"கடலுக்கு அந்தாண்ட போன நக்லே,
குளிப்பாட்டக் குடுத்து வெக்கலயே உன்ன.
கண்ண மூட ஆளில்லாமப் போனியே,
வாயக் கட்ட ஆளில்லாமப் போனியே,
எந்த மண்ணு உன்னத் தின்னுச்சோ நக்லே,
எடம் தெரியாமப் போச்சே எனக்கு."

ஜிரியெஸுக்கு அழுதபோதுகூட அவள் குரல் அப்படி இருந்ததில்லை. மரியம் மதில்மேல் எட்டிப் பார்த்து, "நக்லேயா? ஐயோ, நக்லே போயிட்டானா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. வட்டமாக நின்று எல்லோரும் உன் பெயரைச் சொல்லி அழுதார்கள். நான் நடுவில் நின்றுகொண்டு, இல்லை, அவன் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏனென்று என்னைக் கேட்காதே.

யாத்ரீகர்களுக்கு மிகவும் திருப்தி. பெட்டியில் பார்த்தது போலவே இருக்கிறது என்றார்கள். அந்த அம்மாள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் உள்ளங்கையில் ஒரு தங்கக் காசை வைத்து மூடிவிட்டுப் போனார்கள்.

அந்தக் காசோடு அம்மா நேரே பாதிரியாரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். "எம் மகனுக்கு ஆத்ம சாந்திப் பூசை வெக்கணும்," என்றாள். அவர், "ஜிரியெஸோட வருஷ பூசைக்கு இன்னும் நாள் இருக்கே," என்றார். "இது நக்லேக்கு." அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "எப்போ? சேதி வந்துச்சா?" என்று கேட்டார். "சேதி வந்துச்சு. படிச்சுக் காட்டுனாங்க," என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்தது. செத்தவர்களின் பெயர் வரிசையில் உன் பெயரையும் வாசித்தார். துக்க வழக்கப்படி கோதுமை வேகவைத்துக் கொடுத்தோம். மூன்று நாள் துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். சர்க்கரையில்லாத காபி நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். இதற்குள் ஷுக்ரி மூலமாகப் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள், குடித்தார்கள், ஆறுதல் சொன்னார்கள். ஒருவர்கூட, அவன் உயிரோடுதானே இருக்கிறான் என்று கேட்கவில்லை.

மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் தாயைக் கூப்பிடுவது நம் வழக்கம். நீ பிறந்த நாள் முதல் அவள் இந்த ஊருக்கு உம்மு நக்லே. கடைசி நாள் எழுந்து போகும்போது மரியம், "மனசத் தேத்திக்க, உம்மு நக்லே," என்றாள். அம்மா சொன்னாள்: "அந்தப் பேரு இனி வேண்டாம். உம்மு ஜிரியெஸ்னு கூப்பிடுங்க." அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பள்ளியிலிருந்து அந்த அட்டையை எடுத்து வந்துவிட்டேன். மிஸ் டில்டன் கேட்டார், தர முடியாது என்றேன். வேலையில் இருக்கப் போகிறேனா என்று இந்த வாரம் தெரியும். பின்பக்கத்தை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டேன். ஜிரியெஸ் மட்டும் இருக்கிறான்.

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. செத்தவனுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. நானும் இனி எழுதமாட்டேன்.

அஃபீஃபா


பிலடெல்பியா
1904 செப்டம்பர் 18

அஃபீஃபா,

நீ எழுதமாட்டேன் என்றாய். படிக்கவும் மாட்டாயா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

கோடையில் கிளம்பி வந்துவிடலாம் என்று கப்பலுக்குச் சீட்டுகூட விசாரித்தேன். வந்து எந்த வீட்டின் கதவைத் தட்டுவது? யாரென்று அம்மா கேட்டால் என்ன பெயரைச் சொல்வது? சீட்டு வாங்கவில்லை.

அந்த யாத்ரீக அம்மாள் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். பெய்த் ஜாலாவுக்கே போய் அந்தக் கூலிக்காரியை நேரில் பார்த்தேன், ஷேக் எழுதியதில் ஓர் எழுத்தும் பிழையில்லை, கேட்டவுடன் அழுதாள், காசு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள் என்று எழுதியிருந்தாள். முதலாளி அதை எல்லோர் முன்னிலையிலும் படித்து என் தோளில் தட்டினார். எழுத்தர்கள் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று தலை குனிந்து நன்றி சொன்னேன். அவள் யாருக்காக அழுதாள் என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்றே முதலாளியிடம், என் நாட்டைப் பற்றி இனி எழுத வேண்டாமென்று பார்க்கிறேன் என்றேன். காரணம் கேட்கவில்லை. நல்லதுதான், கைதேர்ந்தவன் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்றார். இந்தியா, இலங்கைப் பெட்டிகளை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. அந்த மொழி எப்படி இருக்கும் என்றும் தெரியாது. கை தடையில்லாமல் ஓடுகிறது. நேற்று ஓர் அட்டை. இலங்கையின் மலைச்சரிவு, தேயிலைச் செடிகள், முதுகில் கூடை மாட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்கள். எல்லோரும் குனிந்திருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நேராகப் பார்க்கிறாள். அம்மா வயது இருக்கும். அழுதிருக்கிறாளா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறாளா என்று பெட்டியில் எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கு எழுதப்படிக்கத் தெரிந்த மகள் இருப்பாளா என்று மட்டும் யோசித்தேன்.

மாலைக்குள் முதலாளி கேட்டார். "பாடிக்கொண்டே கொழுந்து பறிக்கும் பெண்கள். கவலை அறியாத மக்கள்," என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நக்லே